கையெழுத்தும் தலைவர்களின் குணமும்: கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் கிராஃபாலஜியை ஆசையாக இரண்டு வருடம் படித்தவன் நான். நண்பர்கள் வட்டத்தில் பலருக்குக் கையெழுத்துப் பலன் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். பிறகு போலிக் கையொப்பம் கண்டுபிடிக்கும் ஆவண ஆய்வு வேலைக்கு வந்தேன். பழைய நம்பிக்கை அங்கேதான் கழன்றது. தலைவர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், வரிசையாகப் பார்ப்போம்.

சார், கையெழுத்தைப் பார்த்து ஒரு தலைவரின் குணத்தைச் சொல்ல முடியுமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முடியாது.

அப்படியானால் நிபுணர்கள் சொல்வது மட்டும் எப்படி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது?

யாருடைய எழுத்து என்று தெரிந்துகொண்டு சொல்வதால்தான். 2005 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. மேடையில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், பில் கிளின்டன், பில் கேட்ஸ், பாடகர் போனோ எல்லோரும் இருந்தார்கள். எழுந்து போன பிறகு, கட்டங்களும் வட்டங்களும் கிறுக்கிய ஒரு தாள் மேஜையில் கிடந்தது. பிளேருடையது என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் முடிவு கட்டி நிபுணர்களிடம் காட்டின. மனம் ஒருநிலையில் இல்லை, நெருக்கடியில் தவிக்கிறார் என்றெல்லாம் பலன் வந்தது. கடைசியில் பார்த்தால் அந்தத் தாள் பில் கேட்ஸுடையது! தாளில் இருந்த கோடுகளை யாரும் படிக்கவில்லை. அன்றைய பிளேரின் அரசியல் நிலைமையைத்தான் படித்திருக்கிறார்கள்.

நமக்கே பலன் சொன்னாலும் பொருந்துவதற்குக் காரணம் வேறு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி ஐந்துக்கு 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. அதன் வரிகளைக் கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

அமெரிக்க அதிபர் நிக்சனின் கையொப்பம் 1969இல் முழுசாக இருந்து, 1974இல் பதவி விலகும்போது வெறும் கோடாகத் தேய்ந்ததாகப் படம் போட்டுக் காட்டுகிறார்களே?

நானும் அந்தப் படத்தைக் காட்டிப் பேசியவன்தான். தினமும் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போடுகிற யாருக்கும் அது தேயும். நெப்போலியன் பேரரசராகி வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே பெயரைச் சுருக்கி ‘நெப்’ என்று போட ஆரம்பித்துவிட்டார். அதை யாரும் வீழ்ச்சியின் அறிகுறி என்பதில்லை. முடிவு தெரிந்த கதைக்குத்தான் இப்படிப் படம் வரைகிறோம்.

கை நடுங்கி எழுதியிருந்தால் பயம், தயக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்தானே அண்ணா?

தம்பி, இந்தக் கேள்விக்கு ஆபிரகாம் லிங்கனே பதில் சொல்லிவிட்டார். 1863 ஜனவரி 1. அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட வேண்டும். அன்று புத்தாண்டு என்பதால் காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் மணிக்கணக்கில் கை குலுக்கியிருந்தார். கை மரத்துப்போயிருந்தது. பேனாவை எடுத்தார், கை நடுங்கியது, கீழே வைத்துவிட்டார். இந்தக் கையெழுத்தை நாளைக்கு உற்றுப் பார்ப்பார்கள், நடுங்கியிருந்தால் மனசு தடுமாறியது என்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். வாழ்நாளில் இவ்வளவு நிச்சயமாக வேறெதையும் செய்ததில்லை என்றும் சொல்லிவிட்டு, நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார்.

அவர் பேனாவைக் கீழே வைக்காமல் அப்படியே போட்டிருந்தால் நம் ஆட்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்பு எழுத்தில் தெரியும் என்பது வேறு விஷயம், அது உண்மை. 1605இல் லண்டனில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்து பிடிபட்ட கய் ஃபாக்ஸ் என்பவரின் வாக்குமூலங்கள் இன்றும் இருக்கின்றன. சித்திரவதையை ஒட்டிப் போட்ட கையொப்பம் மங்கி, கோணலாகத் தேய்ந்து நிற்கும். சில நாள் கழித்துப் போட்டது தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே மனிதன், ஒரே குணம். பார்க்கின்சன் நோயில் எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்குவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பெரிய கையொப்பம் போடுகிறவர் கர்வம் பிடித்தவர் என்பதாவது சரியா?

இருப்பதிலேயே கொஞ்சம் சத்துள்ள கேள்வி இது. பேராசிரியர்களின் கையொப்பம் மாணவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை 1970களிலேயே கவனித்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பெரிய நிறுவனத் தலைவர்கள் ஆண்டறிக்கைகளில் போட்ட கையொப்பங்களை எடுத்து, ஓர் எழுத்துக்கு எவ்வளவு பரப்பு என்று அளந்தது. பெரிய கையொப்பக்காரர்களின் நிறுவனங்கள் அதிகமாகச் செலவழித்தன, லாபம் குறைவாக வந்தது, தலைவரின் சம்பளம் மட்டும் கூடுதல். ரசமான ஆய்வுதான். ஆனால் அது பல நூறு பேரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. உங்கள் எதிரில் இருக்கும் ஒரு கையொப்பத்தை வைத்து ‘இவர் இப்படித்தான்’ என்று சொல்ல அது அனுமதி தரவில்லை. 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஜான் ஹேன்காக் போட்டது பெரிய கையொப்பம்தான். முதலில் போட்டவர் அவர், தாளில் இடமும் தாராளமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஓர் அதிபர் கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறது. ஆய்வு செய்து தருவீர்களா?

அது அவர் போட்டதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்டோபென் என்று இயந்திரம் இருக்கிறது, அச்சு அசலாகப் போட்டுத் தள்ளும். 2011இல் ஒபாமா பிரான்சில் இருந்தபோது ஒரு சட்டத்தையே அதை வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். இயந்திரத்தின் குணம் வேண்டுமானால் சொல்கிறேன்.

போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள், குணம் மட்டும் சொல்ல முடியாதா?

‘இது யார் எழுதியது’ என்பதும் ‘எழுதியவர் எப்படிப்பட்டவர்’ என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்வியிலேயே எங்கள் ஆட்கள் சறுக்கியிருக்கிறார்கள். 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஒரு ஜெர்மன் பத்திரிகை வெளியிட்டதை எழுத்து நிபுணர்கள் உண்மை என்றார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே அந்தப் போலிக்காரரின் கைவரிசை கலந்திருந்தது. காகிதத்தைச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது.

காந்தியின் கையெழுத்து மோசம் என்கிறார்களே, அதில் என்ன தெரிகிறது?

அவரே அதற்கு வெட்கப்பட்டிருக்கிறார். நல்ல கையெழுத்து கல்வியின் ஒரு பகுதி என்றும், தான் அதை அலட்சியம் செய்துவிட்டதாகவும் சுயசரிதையில் வருந்துகிறார். இன்னொன்று கேளுங்கள். 1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் கப்பலில் ‘இந்திய சுயராஜ்யம்’ நூலை எழுதினார். வலது கை வலித்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சுமார் 40 பக்கங்களை அந்தக் கையாலேயே எழுதினார். இரண்டு கைக்கும் இரண்டு விதமான எழுத்து. இதில் எந்தக் கை காந்தி?

தமிழில் எழுதினால் எப்படி ஆய்வு செய்வது?

விதிகள் எல்லாம் ஐரோப்பிய எழுத்தை வைத்து உண்டாக்கியவை. ஆங்கில ‘t’ எழுத்தின் குறுக்குக்கோடு உயரத்தில் இருந்தால் லட்சியவாதி என்பார்கள். நம்மிடம் கொம்பும் காலும் சுழியும் புள்ளியும்தான் இருக்கின்றன. அதை இதில் பொருத்துகிறவர்கள் சொந்தக் கற்பனையைத்தான் பொருத்துகிறார்கள்.

சரி, தலைவர்கள் கைப்பட எழுதியதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே கிடையாதா?

நிறைய உண்டு. எழுத்தின் வடிவத்தை விடுங்கள், அடித்தல் திருத்தலைப் பாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வரைவில், மை காய்வதற்குள் அழித்து மேலே எழுதிய ஒரு சொல் உண்டு. ‘குடிமக்கள்’ என்ற சொல்லுக்கு அடியில் ‘பிரஜைகள்’ இருந்ததை 2010இல் விசேஷக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். அரசனின் பிரஜையாகப் பிறந்தவர் எழுதும்போதே அதிலிருந்து வெளியே வருவது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அதிபர் ரூஸ்வெல்ட் உரையைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார்கள். ‘உலக வரலாற்றில் நிலைக்கப்போகும் நாள்’ என்று இருந்ததைப் பென்சிலால் அடித்து, ‘இழிபெயரோடு நிலைக்கப்போகும் நாள்’ என்று மாற்றினார். அந்தப் பென்சில் கோடு சாய்ந்திருந்தால் என்ன, நிமிர்ந்திருந்தால் என்ன?

கையொப்பத்தை மேல்நோக்கி முடித்தால் தலைமைப் பண்பு வளரும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். மாற்றிவிடலாமா?

பதவி கையொப்பத்தை மாற்றியதற்குச் சாட்சி இருக்கிறது. ஜேக் லூ என்பவரை அமெரிக்க நிதியமைச்சராக நியமித்தபோது, அவர் கையொப்பம் சுருள் கம்பியை நீட்டிவைத்தது போல இருக்கும். டாலர் நோட்டில் அச்சாகப் போகிறதே, ஓர் எழுத்தாவது புரியும்படி போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஒபாமா மேடையிலேயே கிண்டல் செய்தார். 2013இல் லூ அதைப் படிக்கிற மாதிரி மாற்றிக்கொண்டார். பதவி முதலில் வந்தது, கையொப்பம் பின்னால் வந்தது.

உங்கள் விஷயத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வங்கியில் மாதிரிக் கையொப்பத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் மேலே இழுங்கள், இல்லாவிட்டால் காசோலை திரும்பி வரும்.