விடியற்காலையில் ட்ரிப் ஆகும் கடல்மீன் தொட்டி

கடல்மீன் தொட்டியால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடுவதால், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிப்பதற்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் உள்ளதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடவே கூடாது. 100 மில்லி ஆம்பியர் தீவிபத்தைத் தடுக்க உதவும். தொட்டிக்குள் கைவிட்டவரின் உயிரைக் காக்காது.

மண்டபத்தில் கடலோர வீடு, விடியற்காலையில் மட்டும் ட்ரிப் ஆகிறது என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் பிளக் மீதுதான். தொட்டியில் குமிழி தெறித்துப் பிளக்கில் படிகிற கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். விடியலில் ஈரம் ஏறியதும் அந்த வெள்ளைப் படிவமே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். பாம்பனில் எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

ட்ரிப் ஆன அதே நேரத்தில் சோதியுங்கள்.

1. மெயினை அணைத்து, பம்பு, விளக்கு, ஹீட்டர் எல்லாப் பிளக்குகளையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் வழியாகவும் கசியும்.

2. மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஹீட்டர் கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். நம் கடற்கரை வெப்பத்துக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை.

எல்லாவற்றையும் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கிலோ வீட்டின் வேறு கருவியிலோ இருக்கலாம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அதுவரை மீன்களுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.