கொய்யா மரத்துக் கிளியும் வெண்கலப் பதக்கமும்

அன்புள்ள சார்,

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஏர் ரைஃபிள் கற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டு இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து இந்தப் பைத்தியம். பொட்டப்புள்ளை கையில் துப்பாக்கி எதற்கு என்கிறார் என் அம்மா. எனக்கு வேறு கவலை. இவ்வளவு செலவழித்தால் பதக்கம் வரை போவாளா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா? ஒரு துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்தால் கொய்யா தின்ன வரும் கிளிகளையும் விரட்டலாம் என்று ஒரு எண்ணம். நீங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கிளி. அதைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சும்மா விரட்டத்தான் என்பீர்கள். ரேஞ்சில் முதல் நாளே சொல்லித் தருவது, குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான் பார்க்க வேண்டும், சுடும் நொடி வரை விரல் டிரிகரைத் தொடக் கூடாது என்பது. அதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் பெண், கொல்லையில் அப்பா கிளிக்குக் குறி பார்த்து நிற்பதைக் காண வேண்டுமா? மரத்துக்கு வலை கட்டுங்கள் சார்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டிருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோட்டாவைக் கல்லூரியில் கேளுங்கள்.

பதக்கம் வரை போவாளா என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் எங்கள் ரேஞ்சில் ஒரு பையன் சுடும்போது போடும் ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாகியும் மாநில அளவுக்குத் தேறவில்லை, அப்பா நிறுத்திவிட்டார். அன்றும் நன்றாகத்தான் சுட்டான். அவன் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நான் இதில் நுழைந்தபோது எனக்கு 43 வயது. சின்ன வயதில் மெரினாவில் அப்பா பலூன் சுட வைப்பார், ஒன்றுகூட வெடிக்காது, கடைக்காரன் குழலை வளைத்து வைத்திருக்கிறான் என்று சமாதானம் சொல்லிச் சுண்டல் வாங்கித் தருவார். ரேஞ்சில் இரண்டு மாதம் கழித்துக் கோச் என் கண்ணைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். வலக்கைக்காரனான எனக்கு மாஸ்டர் ஐ, அதாவது குறி பார்க்கும்போது மூளை நம்பும் கண், இடது கண். முப்பது வருடமாகக் குற்றமற்ற ஒரு பலூன்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்! (குழலும் கொஞ்சம் வளைந்துதான் இருந்திருக்கும்.)

பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான், சுடுகிற குண்டான பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். மூச்சை அடக்கி நின்றாலும் நாடி துடிக்கிற துடிப்பில் குழல் முனை ஆடும், அந்த ஆட்டம் அடங்கும் இடத்தைக் காத்திருந்து பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நாற்பது குண்டில் 400க்கு நான் எடுத்த அதிகபட்சம் 371. போட்டிக்குப் போனால் கடைசி வரிசை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டுக் கடன் ஞாபகம் வராது, போன் ஞாபகம் வராது.

ஜெர்மனியில் ஊருக்கு ஊர் சுடும் சங்கம் உண்டு. அவர்களுடைய தேசியக் கூட்டமைப்பில் 13 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். கை நடுங்கும் வயதானவர்கள் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுவதற்கென்றே தனிப் போட்டி நடத்துகிறார்கள். அவர்களிடம் யாராவது பதக்கம் கேட்கிறார்களா? நாம்தான் பிள்ளை பாடினால் மேடை, ஆடினால் பரிசு, ஓடினால் வேலை என்று கணக்குப் பார்க்கிறோம். பாரிஸில் ஏர் ரைஃபிளில் அர்ஜுன் பபுதா நான்காவதாக வந்தார், உங்கள் கணக்கில் அவர் பூஜ்யமா? பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பது உங்களுக்கு ஒரு காரணமாகவே படவில்லை பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம்.

சரி, திட்டியது போதும். இப்போது எதையும் வாங்காதீர்கள். ஆறு மாதம் கிளப் துப்பாக்கியே போதும். இன்று சாயங்காலம் அவளை இரண்டு கண்ணையும் திறந்தபடி, கை நீட்டிக் கட்டைவிரலால் சுவர்க் கடிகாரத்தை மறைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் கடிகாரத்தை விட்டு நகரவில்லையோ அதுதான் அவளுடைய மாஸ்டர் ஐ. எந்தக் கண் என்று எனக்கு எழுதுங்கள். அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.