வேதம் சொல்லும் தைலங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: யாத்திராகமத்தில் வரும் அபிஷேகத் தைலத்தை வீட்டில் செய்து தினமும் உடம்பில் பூசிக்கொள்ள ஆசை. வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு எல்லாமே எசென்ஷியல் ஆயிலாகக் கிடைக்கின்றன. கலக்கலாமா?

பதில்: அதே 30-ஆம் அதிகாரத்தில் 32, 33 வசனங்களையும் வாசியுங்கள். அந்தத் தைலத்தைச் சாதாரணமாக மனிதர் உடம்பில் ஊற்றக்கூடாது, அதே முறையில் வேறொன்றைச் செய்யவும் கூடாது என்று கண்டிப்பான தடை இருக்கிறது. விசுவாசத்தோடு கேட்கிறீர்கள் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி, மருந்தாளுநராக என் பதில். அன்று வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அக்கால எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500 என்று எடுத்து ஒலிவ எண்ணெயில் சேர்த்தார்கள். பிசினும் பட்டையும் எண்ணெயில் இறங்கிய தைலம் அது. இன்று புட்டியில் இருப்பது நீராவியில் வடித்தெடுத்த செறிவு. அதில் ஒலிவ எண்ணெய் துளிகூடக் கிடையாது. கருவாப்பட்டை எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள். அப்படியே தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கவும் கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே தடிக்கும். வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். இந்த இரண்டையும் உடம்பில் பூசவே வேண்டாம்.

வெள்ளைப்போளம் வேறு. எஸ்தர் புத்தகத்தில் பெண்கள் ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம் பூசியதாக வருகிறது. உங்கள் ஆசைக்கு இதுதான் பொருத்தம். 10 மில்லி ஒலிவ எண்ணெயில் 2 துளி போதும், ஏறத்தாழ ஒரு சதவீதம். முதலில் முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

குளிக்கும் தண்ணீரில் நேராக விடாதீர்கள். வாளியை உற்றுப் பார்த்தால் தெரியும்: துளி கரையாமல் மேலே சின்னச் சின்ன வட்டமாக மிதக்கும், அதே செறிவோடு தோலில் வந்து ஒட்டும்.

கேள்வி: சாஸ்திரிகள் இயேசு பாலனுக்குக் கொண்டுவந்த தூபவர்க்கத்தின் எண்ணெயை நாக்கில் ஒரு துளி விட்டால் மூட்டுவலி போகும் என்கிறார்களே?

பதில்: விடாதீர்கள். மூட்டு வீக்கத்துக்காக ஆராயப்பட்ட போஸ்வெல்லிக் அமிலங்கள் தூபவர்க்க மரத்தின் பிசினில்தான் இருக்கின்றன. அவை கனமான மூலக்கூறுகள். வடிக்கும்போது நீராவியோடு ஏறி வருவதில்லை. அதாவது நீங்கள் தேடும் பொருளே அந்தப் புட்டியில் இல்லை. வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

மணத்துக்கு அது அருமையான எண்ணெய். மாலை ஜெபத்துக்கு உட்காரும்போது டிஃப்யூசரில் (மணம் பரப்பும் கருவி) 3 துளி விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, அரை மணியில் நிறுத்திவிடுங்கள். திறந்த புட்டி காற்றுப் பட்டால் கெடும். கெட்ட எண்ணெய் தோலை இன்னும் அதிகம் உறுத்தும். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.

கேள்வி: மரியாள் இயேசுவின் பாதத்தில் பூசிய நளதம் இன்றும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இமயமலையில் வளரும் சடாமாஞ்சியின் வேர்த்தண்டிலிருந்து வருவது. அளவுமீறித் தோண்டியதால் செடி அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1997 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்கு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. பயிரிட்டு எடுத்தது என்று விற்பவர் காட்டினால் மட்டும் வாங்குங்கள். இது என் மனப்பூர்வமான வேண்டுகோள்.

கேள்வி: துணி அலமாரியில் லீபனோனின் கேதுரு எண்ணெய் வைக்கலாமா?

பதில்: நல்ல யோசனை. ஆனால் கேதுரு என்று விற்பதில் ஒரு பகுதி ஜுனிபெரஸ் வர்ஜீனியானா என்ற வேறு மரத்தின் எண்ணெய். லேபிளில் தாவரப் பெயரைப் பாருங்கள். அந்துப்பூச்சியை விரட்ட அதுவும் உதவும். பஞ்சில் 2 துளி நனைத்து, துணியில் படாமல் ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அந்த அலமாரியைப் பூட்டியே வையுங்கள். இந்த எண்ணெய்களிலுள்ள சில பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர வெளியேற்ற முடியாது.