ஒரு வாரமாக நல்ல வெயில், வெள்ளிக்கிழமை குளிர் திரும்புகிறதாம்: நாற்றுகளை இப்போதே வெளியே நடலாமா?

நடாதீர்கள். அவசரம் உள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

நீங்கள் கேள்வியில் விவரம் அதிகம் எழுதவில்லை, ஆனாலும் உங்கள் நிலைமை எனக்கு அப்படியே தெரிகிறது. ஜன்னல் ஓரத்தில் இரண்டு மாதமாக வளர்த்த தக்காளியும் மிளகாயும் சின்னத் தொட்டிக்குள் அடங்காமல் நிற்கும், தண்டெல்லாம் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், குளிர்காலம் முடிந்த கையோடு வெளியே நாலைந்து நாளாக 24, 25 டிகிரி, வானத்தில் ஒரு மேகம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் முந்தாநாளே நட்டு முடித்திருப்பார். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தொட்டியெல்லாம் ஜன்னல்ல இருக்கும்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். ஒரு புதன்கிழமை 18 தக்காளி நாற்றுகளை மண்ணில் வைத்தேன். ஞாயிறு காலை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான் வானிலை படித்தவன் கிடையாது, தோட்டக்கலைப் பட்டமும் இல்லை. "நான் வருடா வருடம் இந்த நேரத்தில்தான் நடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லையே" என்று நிச்சயம் யாராவது வந்து எழுதுவார்கள். உங்களுக்கு ஆகாமல் இருந்திருக்கலாம், சந்தோஷம். மேட்டில் வீடு இருந்தால், பக்கத்தில் பெரிய ஏரி இருந்தால், தெற்குப் பார்த்த செங்கல் சுவர் இருந்தால் தப்பித்திருப்பீர்கள். பள்ளத்தில் இருக்கிறவனுக்கு அந்தக் கதை உதவாது. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் தண்ணீர் மாதிரி சரிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். என் தோட்டம் அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் இருக்கிறது.

அந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கள்கிழமை தொடங்கி வெயில் ஏறிக்கொண்டே போனது. வியாழக்கிழமை 26 டிகிரி, காற்று தென்மேற்கிலிருந்து, துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. மகள் பிறந்த வருடம் நட்ட ஆப்பிள் மரம் ஒன்று உண்டு, ஐந்து வருடமாக நாலு பூவுக்கு மேல் பூத்ததில்லை. அந்தத் திங்களன்று அதன் மொட்டுகள் இறுக்கமாக இளஞ்சிவப்பில் இருந்தன. வியாழன் மாலை மரம் முழுக்க வெள்ளை. மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் மரத்தடியில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் குளிர் முகப்பு வந்தது, கோல்ட் ஃப்ரண்ட் என்கிறார்களே, அதுதான்: வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர் காற்றின் முன் விளிம்பு. பத்து நிமிடத்தில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது, பத்துத் துளி மழைகூட இல்லை, ஆறு மணிக்கெல்லாம் 7 டிகிரி. நான் தயாராகத்தான் இருந்தேன். பழைய படுக்கை விரிப்புகளை எடுத்து நாற்றுகளை மூடினேன், மரத்தின் மேல் இரண்டு விரிப்பைப் போட்டுக் கயிறு கட்டினேன். ராத்திரி முழுக்கக் காற்று அடித்தது, விரிப்பு படபடத்தது, மேகம் மூடியிருந்தது. காலையில் பார்த்தால் 3 டிகிரி, எதுவும் ஆகவில்லை. பூவும் அப்படியே இருந்தது. வந்த குளிர் வந்து போய்விட்டது என்று நினைத்து எல்லா விரிப்பையும் எடுத்து மடித்து உள்ளே வைத்தேன்.

தவறு அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் எங்களோடுதான் இருந்தார், வாழ்நாளெல்லாம் விவசாயம் பார்த்தவர். உள்ளே வந்து சொன்னார்: "காத்து நின்னு போச்சு பாத்தியாடா? வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. இன்னிக்கு ராத்திரிதான் வேலை இருக்கு. எடு அந்தத் துணியெல்லாம்." நான் போனைக் காட்டினேன். "பிளஸ் ரெண்டுன்னு போட்டிருக்குப்பா, உறையாது. நேத்தே தாண்டியாச்சு, பேசாம படுங்க." அவர் இன்னொரு தடவை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்த இரண்டு விஷயங்கள் இவை. முன்னறிவிப்பில் போடும் வெப்பநிலை தரையிலிருந்து கிட்டத்தட்ட ஆளுயரத்தில், நிழல் கூண்டுக்குள் அளக்கிற கணக்கு. காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைந்துவிடும், அதனால் பிளஸ் 2 என்று போட்ட ராத்திரியிலும் தரையில் உறைபனி விழும். அடுத்தது, முகப்பு கடக்கிற ராத்திரியைவிட அதற்கு அடுத்த ராத்திரிதான் பல நேரம் மோசம். காற்று அடிக்கும்வரை மேலே இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துகொண்டிருக்கும், மேகம் இருந்தால் தரை விடும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். காற்று அடங்கி மேகமும் விலகினால் தரையின் வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடும். காற்று வறண்டிருந்தால் இன்னும் வேகமாகப் போகும். அப்பா சொன்னதும் இதைத்தான், அவருடைய வார்த்தையில்.

'ஃப்ரண்ட்' என்ற பெயரே முதல் உலகப்போரின் போர்முனையிலிருந்து எடுத்ததுதான். நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியெர்க்னெஸும் அவர் மகன் ஜேக்கப்பும் கூட இருந்தவர்களும் போர் முடிகிற சமயத்தில், 1918, 1919 வாக்கில், இந்தக் கருத்தை உருவாக்கினார்கள். வெப்பக் காற்றும் குளிர் காற்றும் மோதும் எல்லைக்கோடு அவர்களுக்குப் போர்முனை மாதிரி தெரிந்திருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது: போர்முனை நம் வீட்டைத் தாண்டிப் போனால் நம் வீடு இப்போது எதிரியின் கையில். வெள்ளிக்கிழமை கடந்து போனது வெறும் கோடு. சனிக்கிழமை என் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது அதன் பின்னால் வந்த குளிர் காற்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கிய வெப்பமானியில் மைனஸ் 3. தரையில் கிடந்ததில் மைனஸ் 4. நாற்றுகள் விறைத்து நிமிர்ந்துதான் நின்றன, இலை ஓரத்தில் சர்க்கரை ஒட்டினது மாதிரி வெள்ளைப் பொடி. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக மடங்கின. வெந்நீரில் முக்கி எடுத்த இலை மாதிரி, கரும்பச்சையாக, கண்ணாடித்தன்மையோடு தொங்கின. மரத்தைப் பார்த்தேன், பூவெல்லாம் அதே வெள்ளையில் இருந்தது, தேனீகூட வந்தது. அப்பாடா, மரமாவது தப்பித்தது என்று மகளிடம் சொன்னேன்.

அப்பா ஒரு பூவைக் கிள்ளி, இதழை எல்லாம் உதறிவிட்டு, அடியை நகத்தால் நெடுக்காகக் கீறி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் இளம்பச்சையாக இருக்க வேண்டிய சூலகம், அதாவது பின்னால் காயாகும் பகுதி, மிளகு மாதிரி கறுத்துக் கிடந்தது. இன்னொரு பூ, அதுவும் கறுப்பு. ஏழாவதோ எட்டாவதோ பூவில்தான் ஒரு பச்சை கிடைத்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அந்த வருடம் மரத்தில் ஏழு காய்.

அதனால் "குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காதாம்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முந்தின வார வெயில்தான் அந்தச் சாதாரணக் குளிரைக் கொலைகாரக் குளிராக்குகிறது. பழத்தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி ஆப்பிள் மொட்டு பச்சை நுனி காட்டும் பருவத்தில் மைனஸ் 8 வாக்கில்தான் பத்தில் ஒன்று சாகும். முழுக்கப் பூத்துவிட்டால் மைனஸ் 2லேயே பத்தில் ஒன்று போகும், மைனஸ் 4ல் பத்துக்கு ஒன்பது. என் மரத்துக்கு வந்த அதே மைனஸ் 3 ஜனவரியில் வந்திருந்தால் மரம் அதைத் திரும்பியும் பார்த்திருக்காது. 2012ல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்ச் மாதமே கோடை மாதிரி காய்ந்து மரங்கள் பூத்துவிட்டன, ஏப்ரல் உறைபனியில் அந்த மாநிலத்தின் ஆப்பிளில் சுமார் 90 சதவீதம் போனது. 2021ல் பிரான்சிலும் மார்ச் கடைசியில் வெயில், ஏப்ரல் தொடக்கத்தில் உறைபனி. திராட்சைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக மெழுகுத் தீபம் ஏற்றி ராத்திரி முழுக்கக் காவல் இருந்தும் பெரிய நஷ்டம். பரம்பரையாகச் செய்கிறவர்களுக்கே அந்தக் கதி.

வெயிலும் குளிரும் தனித்தனியாக வருவதும் இல்லை. வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் ஒன்று மேற்கிலிருந்து நெருங்கும்போது அதற்கு முன்னால் காற்று தெற்கிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டு வரும், அதனால் பல தடவை முகப்புக்கு முந்தின நாள்தான் அந்த வாரத்திலேயே அதிகச் சூடு. திடீரென்று தெற்குக் காற்று பலமாக வீசி, காற்றழுத்தமும் இறங்கிக்கொண்டே வந்தால் நான் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். காய்ந்த மண் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. ஈர மண் பகலில் வாங்கிக்கொள்ளும், ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு வாரம் மழையில்லாமல் காய்ந்த மண்ணுக்கு முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். நான் எப்படி விடுவது? எங்கள் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் சங்கம் வெளிக் குழாயைக் குளிர்காலத்தில் பூட்டிவிடும். குழாய் வெடிக்காமல் இருக்கத்தான், அது நியாயம். ஆனால் திறப்பதற்கு ஒரு தேதி வைத்திருக்கிறார்கள், வெளியே 26 டிகிரி அடித்தாலும் அந்தத் தேதிக்கு முன் திறக்க மாட்டார்கள். இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், இரண்டு தடவையும் ஒரே வரிப் பதில்: விதிப்படி. சமையலறையிலிருந்து வாளியில் சுமந்துதான் ஊற்றினேன், மரத்துக்குப் போதவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நான் மரத்தில் கட்டிய விரிப்புகள் பார்வைக்கு நன்றாக இல்லையாம், பொது இடத்தின் தோற்றம் கெடுகிறதாம். மாடிப்படி விளக்கு அணைந்து ஐந்து மாதமாக நான் எழுதுகிற கடிதத்துக்குப் பதில் இல்லை, வயதானவர்கள் இருட்டில் தடவிக்கொண்டு ஏறுகிறார்கள், ஒரு ராத்திரி கட்டிய துணிக்கு ஐந்தே நாளில் கடிதம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் அந்த வாரத்தைப் பற்றி எழுத முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். தொட்டியில் இருப்பது தொட்டியிலேயே இருக்கட்டும். பகலில் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள், சாயங்காலம் உள்ளே எடுங்கள். பட்டாணி, முட்டைக்கோஸ் மாதிரி லேசான உறைபனியைத் தாங்குகிறவற்றை வேண்டுமானால் நடலாம். ஏற்கெனவே நட்டுவிட்டீர்கள் என்றால், முந்தின நாள் தண்ணீர் விடுங்கள், செடியைச் சுற்றிப் போட்ட மூடாக்கைக் கொஞ்சம் ஒதுக்கி மண்ணுக்கு வெயில் படவிடுங்கள், சூரியன் மறைவதற்கு முன்பே துணியால் மூடுங்கள். இருட்டியபின் மூடினால் பாதி வெப்பம் ஏற்கெனவே போயிருக்கும். துணி நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும், தரையிலிருந்து வரும் வெப்பம்தான் செடியைக் காப்பாற்றுகிறது. பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் குச்சி நட்டு அதன் மேல் போடுங்கள், இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். அப்புறம், போன வருடத்துச் சருகையும் காய்ந்த புல்லையும் இந்த வாரம் கொளுத்தாதீர்கள். எல்லாம் எலும்பாகக் காய்ந்திருக்கிறது, முகப்பு வரும்போது காற்று திசை மாறினால் ஓரத்தில் இருந்த தீ முன்னால் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றும் ஆகாமல் விடிந்தால் துணியை மடித்து வைக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். இலை அசைகிறதா, மேகம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மூடு என்று சொன்னால் போனை எடுக்காமல் மூடுங்கள்.