ஈற்று ஓய்ந்த தாய் எலிகளைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: வீட்டு மாடியில் வெள்ளை எலிகளை வளர்த்துக் குட்டிகளை விற்று வருகிறேன். ஆறு பெண் எலிகளுக்கு 16 மாதம் ஆகிவிட்டது. ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் போட்டவை இப்போது மூன்று, நான்குதான் போடுகின்றன. ஒன்றுக்கு அக்குளோரம் கட்டி இருக்கிறது. ஒரு தரகர், ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லி மொத்தமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா, இன்னும் ஓர் ஈற்று பார்க்கலாமா, மருத்துவரிடம் சொல்லி ஊசி போட்டு முடித்துவிடலாமா?

இன்னும் ஓர் ஈற்று வேண்டாம். பெண் எலியின் நல்ல ஈற்றுக்காலம் மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஒன்பது, பத்து மாதங்களோடு முடிந்துவிடும்; அதற்குப் பிறகு குட்டிகள் குறைவதும், சினை தங்காமல் போவதும், பிரசவத்தில் தாய் தவிப்பதும் இயல்பு. ஆனால், குட்டி குறைந்துவிட்டதாலேயே சினைப்பிடிப்பு நின்றுவிட்டது என்று எண்ணி ஆண் எலியைக் கூடவே விட்டுவைக்காதீர்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே தாய் எலி மீண்டும் சினை பிடிக்கக்கூடியது. ஆகவே இன்றே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

தரகருக்குக் கொடுக்கவே கூடாது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "ஆராய்ச்சிக் கூடம்" என்ற சொல்லைக் கேட்டதும், தங்கள் எலிகள் ஏதோ பயனுள்ள காரியத்துக்குப் போகின்றன என்று நம்பிப் பலர் கூண்டோடு தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். விலங்குகளின் இனப்பெருக்கத்தையும் அவற்றின் மீதான சோதனைகளையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1998 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, சோதனை செய்யும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், விலங்குகளையும் பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்தே வாங்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போன்ற இடங்கள் பல பத்தாண்டுகளாக எலிகளை வளர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். பிறந்த தேதி, வம்சம், நோய் நிலவரம் எதுவும் ஏட்டில் இல்லாத உங்கள் வீட்டு எலி எந்த ஒழுங்கான ஆய்வுக்கும் உதவாது. முதுமையை ஆராய்பவர்களுக்குக் கிழட்டு எலி தேவைப்படுவது உண்மைதான். அதையும் அவர்கள் பிறந்த நாள் முதல் பதிவுள்ள எலியாகவே தேடுவார்கள். ஆகவே தரகர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது விதியை மீறிய வியாபாரமாக இருக்க வேண்டும். இப்படி வாங்கப்படும் எலிகள் மலைப்பாம்பு வளர்ப்போரின் கூண்டுக்கு உயிரோடு போகலாம், அல்லது சந்தையில் இளம் எலி என்று சொல்லி விற்கப்படலாம்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கென 2018இல் தனி விதிகளே வந்துவிட்டன. எலி இனமும் அதில் அடங்கும், வாரச் சந்தைக் கடையும் அடங்கும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. ஆனால் சந்தையில் போய் நின்று பதிவுச் சான்றைக் கேட்கும் அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. நாய்க்கும் பூனைக்கும் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது, எலிக்கு யார் இருக்கிறார்கள்? எலியைக் கொண்டுபோனால் மேசையில் வைக்கவே தயங்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன; என் துறையான கால்நடை மருத்துவத்தைப் பற்றி நானே இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வேதனை.

அப்படியானால் என்ன செய்வது? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பு எலி இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வாழும். உங்களுடையவற்றுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஓராண்டு, சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. ஓர் எலி நாளுக்கு 15 முதல் 20 கிராம் தின்னும்; ஆறுக்கும் சேர்த்து மாதம் மூன்று, மூன்றரை கிலோ தீவனம் போதும். சினை எலிக்கு வாங்கிய, புரதம் மிகுந்த தீவனத்தை நிறுத்திவிட்டுச் சாதாரணத் தீவனத்துக்கு மாறுங்கள், ஏனெனில் வயதான எலிகளுக்கு வரும் சிறுநீரகக் கோளாற்றை அதிகப் புரதம் விரைவுபடுத்தும். ஆறையும் ஒரே கூண்டில் சேர்த்தே வையுங்கள். எலி தனிமையைத் தாங்காது. தோட்டத்திலோ வயலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கண்பார்வை மங்கிய வெள்ளை எலி அங்கே ஓர் இரவு தாண்டுவதே அரிது. பசியிலும் தாகத்திலும் சாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கட்டி உள்ள எலியை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். எலிக்குப் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருப்பதால், அக்குளில் வந்ததும் பெரும்பாலும் மார்புக் கட்டியாகவே இருக்கும். கட்டி என்றதும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெண் எலிகளுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பரவாத சாதாரணக் கட்டிகள். தொட்டால் தோலுக்கடியில் நழுவுகிறது, எலி நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது என்றால், சிறியதாக இருக்கும்போதே மயக்க வாயு கொடுத்து அகற்றலாம். ஆனால் வேறோர் இடத்தில் மீண்டும் வர வாய்ப்புண்டு என்பதை மனத்தில் வைத்து, செலவுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு வசதியில்லை என்றால், வலியில்லாத வரை அப்படியே விட்டுப் பார்த்துக்கொள்வதும் தவறில்லை. கட்டி புண்ணாகி உடைந்தால், தரையில் இழுபட்டு நடக்க முடியாமல் செய்தால், எலி தீனியை ஒதுக்கி முதுகெலும்பு துருத்தித் தெரியும்படி மெலிந்தால், அன்று தள்ளிப்போடாதீர்கள். அப்போது கருணைக்கொலைதான் சரி. கண்ணோரம் சிவப்பாகக் கசிவதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது ரத்தமன்று, கண் சுரப்பியிலிருந்து வரும் சிவப்பு நிறமி. ஆனால் உடல் நலம் குன்றியிருப்பதற்கு அது அறிகுறியாகலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருணைக்கொலையை வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். நீரில் அமுக்குவதும், உறைபெட்டியில் வைப்பதும், வண்டிப் புகை பிடிக்க வைப்பதும் கொடுமை. மருத்துவர் முதலில் மயக்க வாயு கொடுத்து, நினைவு முழுதும் போன பிறகே ஊசி போட வேண்டும். மேசைக்குக் கொண்டுபோகும் முன்பே தொலைபேசியில் "எலிக்கு மயக்க வாயு கொடுக்கும் வசதி இருக்கிறதா?" என்று கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த மருத்துவமனையைத் தேடுங்கள்.