கல்யாணப் பணமும் பறக்கும் படையும்

இடைத்தேர்தல் பக்கத்துத் தொகுதியில்தானே, கானாடுகாத்தானில் நமக்கென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருந்துவிடாதீர்கள். மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள தொகுதி என்றால், தேர்தல் நடத்தை விதிமுறைகள் பொதுவாக அந்தத் தொகுதி இருக்கும் மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும். மகள் கல்யாணத்துக்காக மூன்று லட்சத்தைப் பையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்குக் காரில் போனால், வாக்காளர்களுக்குப் பணம் போகிறதா என்று வாகனங்களைச் சோதிக்கும் பறக்கும் படையினர் வழியில் நிறுத்தக்கூடும்.

50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் ஆவணம் வேண்டும். வங்கியில் எடுத்த சீட்டு, பாஸ்புக் நகல், சமையல்காரரின் முன்பணக் கணக்கு, கூடவே அழைப்பிதழ். அழைப்பிதழை மட்டும் நீட்டினால் போதாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. நகைக்கடைக்குப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பிவிடுங்கள். லாக்கரிலிருந்து கழுத்துருவை (செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் அணியும் தங்கத் தாலி) எடுக்கிறீர்கள் என்றால் இப்போதே எடுத்து வீட்டில் வைப்பது நல்லது. பெட்டகச் சாவி ஆச்சியிடம் இருக்கும்வரை கவலையில்லை!

அதையும் மீறிப் பணத்தைப் பறிமுதல் செய்தால் வாக்குவாதம் வேண்டாம். ரசீது கேட்டு வாங்குங்கள். பறிமுதல் குறித்த முறையீடுகளைக் கேட்க மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. தேர்தலோடு தொடர்பில்லை என்று ஆவணத்தோடு காட்டினால் பணத்தை விடுவிப்பார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித்துறைக்கும் தகவல் போகும்.