ராயக்கோட்டை ஏறியவருக்கு ஆண்டிஸ் எட்டுமா?

கேள்வி: ராயக்கோட்டை மலைக்கோட்டையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிறேன். லீவு கிடைத்தால் வத்தல்மலைக்கும் நடந்தே போய்வருவேன். பெரு நாட்டில், ஆண்டிஸ் பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடக்க ஆசை. இந்தப் பழக்கம் போதுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: காலுக்குப் போதும். நுரையீரல் சங்கதி வேறு. வத்தல்மலையை விடுங்கள், தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீங்கள் சொல்லும் நான்கு நாள் நடை பெருவின் சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கு நடையாகத்தான் இருக்கும். அதற்குக் கிளம்பும் வராஸ் நகரமே ஏறக்குறைய 3,050 மீட்டர். அங்கே லாட்ஜ் மாடிப்படியில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முதுகில் மூட்டையோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். அந்த நடையின் உச்சமான புன்டா உனியோன் கணவாய் 4,750 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே தேறும். கோட்டை ஏறிய தெம்பெல்லாம் அதனிடம் செல்லாது. சொல்லப்போனால் உங்களைப் போன்ற தெம்புக்காரர்தான் விறுவிறுவென ஏறி மாட்டிக்கொள்வார்.

அதனால் பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து பஸ்ஸில் வராஸ் வந்ததும் இரண்டு மூன்று நாள் சும்மா ஊர் சுற்றுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், ராத்திரி படுக்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. பகலில் மேலே போய்விட்டு, தூங்கக் கீழே வரலாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேற்கொண்டு ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ நடுராத்திரியானாலும் இறங்கியே ஆகணும். கைடு என்ன சொன்னாலும் சரி. உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சுமையைப் பற்றிக் கவலை வேண்டாம். கூடாரத்தையும் அடுப்பையும் கழுதைகள் தூக்கிவரும். பனியாறு குடைந்த அகலமான பள்ளத்தாக்கு அது, கணவாயை ஒட்டிய ஏற்றம் போக மிச்சத்தில் பெரும்பகுதி சாதுவான நடைதான்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?
– காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: மே முதல் செப்டம்பர் வரை. அங்கே அப்போது மழை குறைவு, ராத்திரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரும். நம் மாம்பழ சீசனில் பாதியைத் தியாகம் செய்யணும், வேறு வழியில்லை.

கேள்வி: நான் சைவம். மலையில் சாம்பார் சாதம் வைத்துச் சாப்பிட முடியுமா?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: குக்கர் இல்லாமல் முடியாது. 4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு எத்தனை நேரமானாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். உருளைக்கிழங்கு பிறந்த மலை அது, விதவிதமாகக் கிடைக்கும், நேரம் கொடுத்தால் வெந்தும் போகும். முட்டையும் கறியும் போடாதே என்று சமையல்காரரிடம் வராஸிலேயே சொல்லிவிடுங்கள். கோழி சூப்பைச் சைவம் என்று நினைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஊறுகாய் உங்கள் பாடு.